மெதினா கேட்ட சேதி

உச்சிவெயிலில், வெட்டவெளியில் கிடந்த கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது.

குச்சிக் குடிலுக்குள் படுத்திருந்த கதிகா கண்ணைத் திறந்தாள். அந்த நேரத்தில் வெளியே ஈ காக்கா இருக்காது. ஆடுகள்கூடத் தண்ணீர் லாரிக்கு அடியில் புகுந்துகொள்ளும். விருந்தாளிகள் ராத்திரி படுப்பதற்காகப் போட்ட அந்தக் கட்டிலின் சட்டத்தை இப்போது தொட்டால் கை வெந்துபோகும். ஆனாலும் யாரோ அதில் உட்கார்ந்து, உடம்பைச் சாய்த்து, மூச்சு வாங்குவதுபோலக் கயிறு மெல்ல இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. கந்தக வாடையோடு இஞ்சி தட்டிப் போட்ட காப்பி வாசமும் வந்தது.

அது மெதினாவின் காப்பி.

மெதினா காணாமல் போய் ஒன்பது நாள். போன பிறகும் விடுகிறாளா, பாருங்கள்! மொத்த ஊரே பத்துப் பன்னிரண்டு குடில். உப்புப் பாலையையும் மஞ்சள் குளங்களையும் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பித்தான் அத்தனை அடுப்பும் எரிகிறது. ஜீப்புகள் நேரே போய் நின்றதோ மெதினா வாசலில். அவள் காப்பி, அவள் சிரிப்பு, போதாததற்கு வழிகாட்டியும் அவளே. எதிர்க்குடில் கதிகாவின் கட்டில்கள் காற்று வாங்கின. "வழின்னா மெதினாதான்" என்று கதிகாவின் புருஷன் ஹுமெதே சொல்லுவான். வயிறு எரியாதா?

மெதினா காணாமல் போன அன்று விடியலில் உப்பு வெட்டும் ஒருவன் ஒட்டகங்களோடு வந்து கதிகாவிடம் தாகு சொன்னான். தாகு என்றால் வெறும் ஊர்க்கதை இல்லை. இரண்டு பேர் எதிர்ப்பட்டால் கண்டது கேட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். அந்தப் பாலையில் வாழும் அஃபார் சனம் அந்த நெருப்பு வெயிலில் உயிரோடு இருப்பதே அதனால்தான். கருங்குன்றுக்கு இந்தப் பக்கம் உப்புத்தரை அடியில் கரைந்து வெறும் கூடாகிவிட்டது, சுற்றிப் போங்கள் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

சற்று நேரத்தில் மெதினா, விருந்தாளிகளுக்கு முன்னால் குளத்தடிக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா சேதி?"

"மழை இல்ல. அப்தோ வீட்டு ஒட்டகம் குட்டி போட்டிருக்கு. மேற்கே ஒரு கல்யாணம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லடி. உன் காப்பிய ஊரே புகழுது, அதான் சேதி."

மெதினா சிரித்துக்கொண்டே போனாள். கழுதை மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கே கிளம்பிய அனல்காற்று ஒரு வாரம் அடித்ததில் தடம் அழிந்தது, தேடப் போனவர்களும் பாதியில் திரும்பினார்கள்; காற்றில் வழி தப்பிவிட்டாள் என்றது ஊர்.

காற்று அடங்கி, இன்று காலைதான் முதல் ஜீப் வந்தது. கதிகா வாசலில் வந்து நின்றது. இரண்டு விருந்தாளிகளோடு நடந்து கிளம்பும்போது ஹுமெத் முறைப்படி உட்கார்ந்து, "சேதி என்ன?" என்றான். உப்புக்காரன் சொன்னது அவள் நுனிநாக்கு வரை வந்தது. எப்பக் கேட்ட, மெதினாகிட்டச் சொன்னியா என்று அடுத்த வார்த்தை கேட்பானே!

"மெதினா வழக்கமா போற வழியிலயே போறேன். அவள மாதிரி வழி தெரிஞ்சவ யாரு இருக்கா?" என்றான் ஹுமெத்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கதிகாவுக்குள் எரிந்தது. "ஒண்ணுமில்ல" என்றாள்.

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"என்னக்கா சேதி?"

வாசலுக்கு வெளியே. நனைந்த குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

கதிகா பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேற?"

குச்சிச் சுவரின் இடுக்கில் நிழல் நகர்ந்தது. உப்புத்தூள் உள்ளே உதிர்ந்தது.

"வேற?"

கதிகா பின்பக்கக் குச்சிகளைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். செருப்பில்லை. கருங்குன்றைப் பார்த்து ஓடினாள். எங்கும் வெள்ளை. கண் கூசியது. "ஹுமெத்! சுத்திப் போ! சுத்திப் போ!"

தொலைவில், குன்றைச் சுற்றிக்கொண்டு போகும் மூன்று உருவங்கள். அவற்றில் ஹுமெத் இரண்டு கைகளையும் ஆட்டினான்.

"கதிகா! அசையாத! உப்புக்காரங்க வழியில சொன்னாங்க! அங்க தரையே இல்ல!"

நின்றாள். காலடியில் ஏதோ விரிசல் விட்டது. மெல்லிய சத்தம், 'வேற?' என்பதுபோல.

"தெரியும் மெதினா," என்றாள். "தெரிஞ்சேதான் சொல்லல. பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல."

குனிந்து பார்த்தாள்.

உப்பு அங்கே கண்ணாடி. கீழே பச்சைத் தண்ணீர். அதில் மெதினா. வாய் நிறைய உப்பு. கதிகாவின் வலது பாதத்துக்கு நேர் கீழே காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது பாதத்துக்குக் கீழே அவள் விரல்கள், அவசரமே இல்லாமல், உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தன.