முடிவு பார்க்காத கொலைகாரன்

"ஐயோ! கதவைத் திறவுங்கோ!"

விமலேஸ்வரியின் அலறல் சுவரில் மோதித் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை. இரணைமடு வீதியிலிருந்த அந்த அரிசி மில்லில் வேறு ஆளில்லை. ஜன்னல் இல்லாத நெல் அறை. நடுவில் ஒரு சட்டி நிறையச் சிவந்த கரி நெருப்பு!

வெளியே, தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவள் கணவன் சிற்றம்பலம்.

"கத்தாதை விமலா. நித்திரை வரும்... அவ்வளவுதான்."

நெருப்பை அணைக்கத் தண்ணீர் இல்லை. நெல்லைக் கொட்டினால் புகை கூடும். அவள் தரையில் படுத்து, கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்தாள்.

"ஏன் இப்பிடி?"

"துணுக்காயில எனக்கொருத்தி இருக்கிறாள். நீ உயிரோட இருக்கேக்க இரண்டாம் தாரமா வர அவளுக்கு விருப்பமில்லையாம்."

"கரிச்சட்டி... போன கிழமை வவுனியாவில பாத்த படம்!"

"ஓம். அதில மனுசி குளிருக்கு நெருப்பு மூட்டிச் செத்ததெண்டு புருசன் அழுவான். நான் நெல்லு வண்டுக்குப் புகை போட்டதெண்டு மாத்திப்போட்டன்."

"முடிவு தெரியுமோ?"

"கடைசி பஸ்ஸுக்கெண்டு இடையில எழும்பி வந்தனாங்கள்தானே! முடிவை ஆர் பாத்தது?"

"நான் பாத்தனான்!"

"விசரி! என்னோடதானே வந்தனீ?"

"அது பழைய ஹிந்திப் படத்தைத் தமிழில எடுத்தது. ஹிந்தியில கொழும்பில படிக்கேக்க பாத்தனான். அடுத்து என்ன நடக்குமெண்டு இடைவேளையில சொன்னனான்... நடந்ததோ இல்லையோ?"

நடந்தது!

சிற்றம்பலம் கதவில் காதை வைத்தான்.

"அதில புருசன் ஒரு சாமானை அறைக்குள்ள விட்டிட்டான். அதாலதான் தூக்கு. நீங்களும் விட்டிருக்கிறியள்!"

அவன் சட்டைப் பையைத் தடவினான். மடியைத் தடவினான்.

"சும்மா கதை! தமிழில அதை மாத்தியிருப்பாங்கள்."

"ஊரை மாத்துவாங்கள். உடுப்பை மாத்துவாங்கள். நாலு பாட்டுக் கூடப் போடுவாங்கள். ஆள் பிடிபடுற இடத்தை மாத்தமாட்டாங்கள். அதுக்குத்தானே காசு குடுத்துக் கதை வாங்கிறது!"

"என்னடி சாமான்?"

பதில் இல்லை.

"விமலா?"

மூச்சுச் சத்தமும் இல்லை.

செத்துவிட்டாள்! அந்தச் சாமான்...?

தாழ்ப்பாளை இழுத்தான். கதவைத் தள்ளி உள்ளே பாய்ந்தான். குனிந்து தரையைத் துழாவினான்.

கதவின் பின்னால் ஒட்டி நின்றவள் வெளியே பாய்ந்தாள்.

டக்!

தாழ்ப்பாள் விழுந்தது.

"ஐயோ! திறவடி!"

இப்போது அலறியது அவன்!

"கீழ இடுக்கில வாயை வையுங்கோ. காத்து வரும்."

சொல்லிவிட்டு அவனுடைய சைக்கிளிலேயே சந்திப் பொலிசுக்குப் பறந்தாள்.

இன்ஸ்பெக்டர் வீரகத்தி கதவைத் திறந்தபோது சிற்றம்பலம் இருமிக்கொண்டே எல்லாவற்றையும் கக்கினான். கையில் விலங்கு விழுந்தது. ஜீப்பில் ஏறும்போதும் அவனுக்கு ஒரே கவலை.

"விமலா... அது என்ன சாமான்? அதை மட்டும் சொல்லு!"

"எனக்கும் சொல்லு தங்கச்சி," என்றார் இன்ஸ்பெக்டர்.

விமலேஸ்வரி சேலையிலிருந்த நெல்லைத் தட்டினாள்.

"தெரியாது ஐயா. கொழும்பில அண்டைக்கு ஹொஸ்டல் கேற் பூட்டமுதல் போகவேணுமெண்டு நானும் இடையில எழும்பி ஓடி வந்திட்டன்!"