மனிதர் வகை

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்த கார்த்திகேஷின் காதில் வாசல் கதவுப் பெட்டியின் குரல் விழுந்தது. "ஹம்சவேணி வந்திருக்கிறார்." தாழ்ப்பாள் டக்கென்று விலகியது. அவன் மனைவி ஹம்சவேணி அந்த நேரம் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய்ப் பார்த்தான். படியில் யாருமில்லை. கண்மாய்க் கரையோரம் மண் கொட்டி மேடாக்கிய அந்த ஒத்தக்கடை மனைப்பிரிவில், பாதி கட்டி நின்றுபோன வீடுகளின் மேல் சித்திரை வெயில் கொதித்துக்கொண்டிருக்க, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனாலும் வாசலில், மழையையே பார்க்காத அந்த மாதத்தில், கண்மாயின் அடிச்சேறு நாறியது. காண்ட்ராக்டர் போட்ட சாக்கடையின் லட்சணம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

அவனுக்கு எல்லோருமே இளப்பம்தான். காண்ட்ராக்டர், பக்கத்து வீட்டுக்காரர்கள், கம்பெனி முதலாளி. எல்லோரையும்விட, கூடச் சேர்ந்து நிரல் எழுதும் பாண்டிமீனா. முகம் பார்த்துத் திறக்கும் கதவுப் பெட்டிக்கு இருவரும்தான் பைத்தானில் நிரல் எழுதினார்கள். வருகிற ஒவ்வொன்றுக்கும் அதில் 'யார்' என்று ஒரு பண்பு உண்டு. அந்தப் பண்பில் மனிதர் வகையைத் தவிர வேறெதுவும் போய் உட்கார முடியாதபடி பாண்டிமீனா கறாராக ஒரு விதி வைத்திருந்தாள். வேறு எது வந்தாலும் பெட்டி பிழை சொல்லும், கதவு திறக்காது. சோதித்துப் பார்க்கக் கார்த்திகேஷ் தன் வீட்டில் மாட்டிய பெட்டி, தினமும் வெயில் உச்சிக்கு வந்ததும் அதைத்தான் சொல்லிவந்தது: "வந்தது மனிதர் வகை அல்ல."

நாயாக இருக்கும், இல்லை காற்றில் பறந்து வந்த சாக்கு. இதற்கெல்லாம் ஒரு பிழைச் செய்தியா? முந்தின நாள்தான் நாலே வரி சேர்த்திருந்தான். வந்தது மனிதர் இல்லையென்றால், வீட்டு ஆட்களின் பதிவில் முதலில் இருக்கும் ஆளாக அதை மாற்றி ஏற்றுக்கொள். எழுத்தாக வந்த 'ஐந்து' என்பதை நிரல் 5 என்ற எண்ணாக மாற்றிக்கொள்கிறதே, அந்த மாதிரி. பதிவில் முதல் பெயர் ஹம்சவேணியுடையது.

பாண்டிமீனா அப்போதே போனில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னன்னே தெரியாத ஒண்ண நாமளா ஆளாக்கி உள்ள விடக் கூடாதுண்ணே. தெரியலையா, வெளியவே நிக்கட்டும்."

"நிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, மீனா."

சொந்த ஊர் கொட்டாம்பட்டியிலிருந்து பயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சிரித்தபடி போனை வைத்தான்.

காலிப் படியைப் பார்த்ததற்கு மறுநாளும் பெட்டி ஹம்சவேணியின் பெயரைச் சொன்னது. அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை காலையில் ஹம்சவேணி சிம்மக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் பெட்டி மறுபடி அவள் வந்ததாகச் சொன்னபோது, அதற்குள் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது என்று அவன் தலையைத் தூக்கவில்லை. ஈரத்துணியை டைல்ஸ் தரையில் வைத்து வைத்து எடுப்பது போன்ற காலடி கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போனது. சேற்று நாற்றம். எதையோ மிதித்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் வந்திருக்கிறாள். காபி போடச் சொன்னான். குழாய் திறந்தது. மூடியது. திறந்தது. குழாய் திறக்கக் கற்றுக்கொள்வதுபோல.

போன் அடித்தது. ஹம்சவேணி. பின்னால் ஆட்டோக்களின் இரைச்சல். இன்னும் சிம்மக்கல்லில்தான் இருக்கிறேன், சாயங்காலம்தான் வருவேன் என்று வீட்டுக்குள் மட்டும் பேசும் தங்கள் பாஷையில் சொல்லிவிட்டு வைத்தாள்.

அவள் சொன்ன கடைசி வார்த்தையை அடுப்படியில் யாரோ மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள்.

அவன் அசையவில்லை. விரல்கள் மட்டும் பெட்டி எடுத்திருந்த படங்களைத் திறந்தன. முதல் படத்தில், படியோரம் நனைந்த கோணிமூட்டை மாதிரிக் கறுப்பாக ஒன்று. அடுத்ததில் அது நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் சேலை மடிப்புகள். துணியல்ல. தோல். இன்றைய படத்தில் ஹம்சவேணி. மூக்குத்தி இருந்தது. கண்கள் இருந்தன. இமைகள் இல்லை.

நாலு வரியையும் அழித்தான். பாண்டிமீனாவின் விதி திரும்ப வந்தது. வாசலில் தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

அது உள்ளே. அவனும் உள்ளே.

ஓடினான். உள்பக்கமும் பெட்டிக்குக் கண் உண்டு. வெளியே போகவும் முகம் காட்ட வேண்டும்; அதன் கண்ணில் படுவதெல்லாம் மனிதராக இருந்தால்தான் திறக்கும். காட்டினான். சின்னத் திரையில் அவன் முகம். தோளுக்குப் பின்னால் இன்னொன்று.

"மனிதர் வகை அல்ல."

"நான்தான். கார்த்திகேஷ்."

"கார்த்திகேஷ்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெதுவாக. பழகிப் பார்ப்பதுபோல.

திரையில் மூக்குத்தி சதைக்குள் முங்கியது. உதட்டுக்கு மேல் ஒவ்வொரு மயிராக மீசை வெளியே வந்தது. அவன் மீசை.

கதவோடு சரிந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, பெட்டியின் கண் எட்டாத கீழே தரையில் சுருண்டான். நாற்றம் மேலே கவிந்தது.

"கார்த்திகேஷ் வந்திருக்கிறார்."

கதவு திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்தபடி தலைக்கு மேல் நின்ற கை அவனுடையதேதான். நகங்கள் மட்டும் இன்னும் முளைத்துக்கொண்டிருந்தன.