ஐந்தாம் தளத்துக் குளிர்

செத்துப்போன ஐந்தாம் தளத்து ஸ்விட்சைச் சட்டத்திலிருந்து உருவி எடுத்தாள் பிலோமினா. தகரம் கையைச் சுட்டது.

“அஞ்சாம் தளம் நாப்பத்தொண்ணைத் தொட்டுட்டு. சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார் பின்னால் நின்ற சூப்பர்வைசர் சுடலைமணி.

“ரெண்டு வருசமா முப்பத்தாறுல வேகுதோம். அப்பல்லாம் ஒமக்கு அவசரம் வரலியே அண்ணாச்சி!”

தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலுக்குள் நின்று கடல்நீரை நன்னீராக்கும் கோபுரம் அது. வெயில் ஆளைக் கொல்லும் காலம். குளிர்காற்று இல்லாவிட்டால் உள்ளே ஒருவரும் பிழைக்க முடியாது. குளிரை அளந்துவிடும் கணினிப் பெட்டிகளான ஸ்விட்சுகளை, தளத்துக்கு ஒன்றாக எட்டையும் ஒரே அடுக்காகக் கோத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று தலை. யாருக்கு எவ்வளவு குளிர் என்கிற பங்கு விதி அதற்குள் இருந்தது. மற்ற ஏழும் அதை அப்படியே எழுதிக்கொள்ளும். எட்டாம் தளத்து அதிகாரிகளுக்கு இருபத்திரண்டு டிகிரி. உப்புக்குழாய் அடைப்பெடுப்பவர்கள் குடியிருக்கும் ஐந்தாம் தளத்துக்கு முப்பத்தாறு.

மேலே ஏறும் வழியில் ஐந்தாம் தளத்தில் தங்கை ஸ்டெல்லாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி ஈரச் சேலையைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தாள். போன வருடம் அதே சூட்டில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

“புதுசு மாட்டினாலும் பழையபடி முப்பத்தாறுதானக்கா வரும்?” என்று கேட்டாள் ஸ்டெல்லா.

அதற்கான பதில் பிலோமினாவுக்குப் படியேறும்போதுதான் வந்தது.

புது ஸ்விட்சைச் சட்டத்தில் திருகினாள். சுடலைமணி செய்முறைத் தாளைப் படித்தார். “முதல்ல அடுக்குக் கேபிள். அப்புறந்தான் கரண்ட்.”

பிலோமினா கரண்டைக் கொடுத்தாள்.

“ஏய்! கேபிள் இன்னும் மாட்டலியே!”

“புதுச் சரக்கு. உசுரு இருக்கான்னு பாக்க வேண்டாமா?”

பச்சை விளக்கு எரிந்தது. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி ஏதோ ஓர் எண்ணைத் தட்டினாள். பிறகு கேபிளைச் செருகினாள்.

எட்டு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

“யாத்தே! என்னட்டி செஞ்ச?”

அவள் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம் கழித்து விளக்குகள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. குளிர்காற்று எந்திரங்கள் உறுமின. ஐந்தாம் தளத்தின் எண் இறங்கியது. முப்பத்தெட்டு. முப்பத்துமூன்று. அரை மணி நேரத்தில் இருபத்தொன்பதில் வந்து நின்றது. எட்டாம் தளமும் ஏறி இருபத்தொன்பதில் நின்றது. எட்டுத் தளங்களிலும் ஒரே எண்.

சுடலைமணியின் கைப்பேசி அலறியது. எட்டாம் தளத்து அதிகாரி. “மேலே புழுங்கித் தள்ளுது! என்னய்யா நடக்குது அங்கே?”

சுடலைமணி கைப்பேசியை அணைத்தார். “தலை மாறிட்டு,” என்றார் மெதுவாக.

“தனியா கரண்ட் ஏறினா எந்த ஸ்விட்சும் தன்னைத் தலைன்னுதான் நினைக்கும். ரெண்டு தலை சேர்ந்தா மூப்பு எண் கூடினது ஜெயிக்கும். பழசுக்குப் பத்து. இதுக்குப் பதினஞ்சு குடுத்தேன். மத்ததெல்லாம் பழைய விதியை அழிச்சிட்டு இது சொன்னதை எழுதிக்கிட்டு.”

“பழசைத் திரும்ப எழுது.”

“இங்க எழுதத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். எழுத மாட்டேன்.”

“வேலை போயிரும் பிள்ள.”

“போட்டும். எனக்குப் பதிலா ஆள் வரணும்னா வெயில் தணிஞ்சு அடுத்த கப்பல் வரணும். அதுக்கு மூணு மாசம் ஆவும். அதுக்குள்ள ஸ்டெல்லா பெத்து எந்திரிச்சிருவா.”

சுடலைமணி பிடரியைத் துடைத்தார். அவர் வீடு ஆறாம் தளத்தில். அங்கே நேற்றுவரை முப்பத்துநாலு.

“கெட்டிக்காரிதான். எட்டுத் தளத்துக்கும் சமமாப் பிரிச்சு ஒரு விதி எழுதியிருக்கியே, எத்தனை நாளா உக்காந்து எழுதின?”

“ஒரு வரிகூட எழுதல அண்ணாச்சி. பெட்டியிலருந்து எடுத்தபடியேதான் இருக்கு. இதைச் செஞ்சவன் போட்டு அனுப்பினதே எல்லாருக்கும் சமம்னுதான். முப்பத்தாறைத்தான் யாரோ உக்காந்து எழுதியிருக்காவ.”