ஏழாம் நம்பரின் பதில்

ஒயரைப் பிடுங்கிப் போட்ட கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

மத்தியானம் மூன்று மணி. எண்ணூரில் அந்த ரசாயனக் கிடங்கின் ஆபீசில் மகிழினி மட்டும்தான் இருந்தாள். வெளியே லாரிகள் இரைந்தன. சாம்பல் படிந்த ஜன்னல் வழியே வெயில் பழுப்பாக மேசையில் விழுந்து கிடந்தது. கேஸ் கசிந்தால் சங்கு ஊத ஒரு சின்ன சாஃப்ட்வேர் உண்டு. 'சங்கு' என்று டைப் அடித்தால் கிடங்கே அதிர வேண்டும். தன் மேசையிலிருந்தே பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் கேட்டு, அது இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பழைய வெர்ஷனை ஒரு விதமாகக் கேட்க வேண்டும், புதியதை இன்னொரு விதமாக. எப்படிக் கேட்டாலும், ஓடுகிற பதினொன்றிலிருந்தும் 'இருக்கு' என்றே வந்துகொண்டிருந்தது.

வராமல் என்ன செய்யும்? போன மாதம் ஆடிட்டுக்கு முன்னால் அவளே செய்த அநியாயம் அல்லவா! பழைய மெஷினில் சாஃப்ட்வேர் ஏறவில்லை. புதியதற்கு வாங்கவே இல்லை. "பேர் இருந்தா போதும்மா. உள்ளே யாரு தொறந்து பார்க்கப் போறா?" என்றார் மேனேஜர். 'சங்கு' என்ற பெயரில், ஓடுகிற எல்லாவற்றிலும் வெறும் ஃபைலைப் போட்டாள். காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவள், வாயைத் திறந்தால் வேலை போகும்.

அந்த ஆடிட்டே பம்ப் ஓட்டிய ரஞ்சித் செத்ததற்காக வந்தது. போன வருடம், ஆபீசுக்கு அடுத்த பம்ப் ரூமில் கேஸ் அடித்துச் செத்தான், சங்கு ஊதவில்லை. அங்கிருந்த ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கி, ரூமையும் பூட்டிவிட்டார்கள்.

இப்போது திரையில்: ஏழு, இல்லை.

மறுபடி கேட்டாள். இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டும் மாறியது. ஒன்பதும் மாறியது. கடைசியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும் 'இல்லை' என்றன.

ஏசியிலிருந்து லேசாக அழுகிய முட்டை நாற்றம், அந்த கேஸின் நாற்றம்.  தம்பி! இங்கேதான் டாங்க் கழுவுகிறான். வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"பகலவா, எங்கடா கீற?"

"நாலாம் டாங்க்குல எறங்கிகினு கீறேன்க்கா. இன்னா, கொரலு ஒரு மாதிரி கீது?"

"மேல வாடா! வந்துடுடா!"

"சூப்பர்வைசரு கத்துவான்க்கா. பத்து நிமிசம், முட்ச்சிட்டு வந்துடறேன்."

சங்கு என்று அடித்தாள். என்டர். தவறு என்று ஒரு வரிகூட வரவில்லை. சத்தமும் வரவில்லை. அவள் போட்ட வெறும் ஃபைல், சமர்த்தாக ஓடி முடிந்தது. மறுபடி. மறுபடி.

"அக்கா... கண்ணு எரிதுக்கா..."

"ஏறுடா! பகலவா!"

இரைச்சல் மட்டும்.

பூட்டிய பம்ப் ரூமுக்குள் யாரோ கீபோர்டைத் தட்டினார்கள். நிதானமாக. சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. திரையில் அவள் அடிக்காத ஒரு வரி விழுந்தது.

ரஞ்சித், இல்லை.

தட்டல் நின்றது. வாக்கி டாக்கியில் இரைச்சலும் நின்றது.

மீண்டும் தட்டல்.

பகலவன், இல்லை.