வரதராசாவின் பெயரில் இருந்த கோப்பு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டர் அலுவலகம் இருந்தது. அன்று காலை வதனி வந்து கையை வைத்தபோது இரும்புக் கம்பிக் கதவு வழக்கம்போல உப்புக் காற்றில் பிசுபிசுத்தது.

1999ஆம் ஆண்டு. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரம். காப்புறுதிக் கம்பனி ஒன்றின் புரோகிராம்களில் இரண்டு இலக்க ஆண்டுகளை நான்கு இலக்கமாக்கும் வேலை. எல்லாம் முடிந்து, ஒரேயொரு கோப்பு மட்டும் மிச்சம்.

அதை யாரும் தொடவில்லை. அங்கே ஒருவர் ஒரு கோப்பை எடுத்தால், அவர் திருப்பி வைக்கும்வரை அது பூட்டிக் கிடக்கும்; மற்றவர்கள் திருத்த முடியாது. எடுத்தவரின் பெயர் திரையில் நிற்கும். அந்தக் கோப்புக்கு நேரே எட்டு மாதமாக நின்ற பெயர் வரதராசா.

வரதராசா ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சல் வாங்கப் போனவன். திரும்பி வரவில்லை.

"வேலையை விட்டிட்டு வெளிநாடு போயிருப்பான் எண்டு பொலிஸ் சொல்லுது," என்று கூட வேலை செய்யும் ஐறீன் அக்கா முன்பே சொல்லியிருந்தாள். "தாய் மாசாமாசம் வருவா. அவன்ர பேர் நிக்கிற திரையை அச்சடிச்சுக் குடுப்பம். மகன் இன்னும் வேலையில இருக்கிறான் எண்டதுக்கு அவவிட்ட இருக்கிறது அந்தக் கடதாசி மட்டுந்தான்."

அன்று மனேஜர் ஹெக்டர் வதனியைக் கூப்பிட்டார்.

"அந்தக் கோப்பில இருக்கிற வரதராசாவின்ர பூட்டை உடைச்சு, உங்கட பேரில எடுத்து இண்டைக்கே முடிங்க. முடிச்சா உங்கட கடிதம் ரெடி."

வதனி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். இங்கே வேலை செய்கிறாள் என்ற கடிதம் இல்லாவிட்டால் இந்த நகரத்தில் தங்குவதற்கான அவளுடைய பொலிஸ் பதிவு இன்றோடு முடியும். பதிவு இல்லாத ஆளை லொட்ஜ்காரர் ஓர் இரவுகூட வைத்திருக்க மாட்டார்.

"நீங்களே உடைக்கலாமே சேர்?"

"எனக்கு ஏலாது பிள்ளை. அந்தத் தாய்க்கு முகம் குடுக்கிறது நான்."

பதினொரு மணிக்கு எங்கோ தூரத்தில் குண்டு வெடித்த பெரிய சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை ஊரடங்கு என்று வானொலி சொன்னது.

ஹெக்டர் கார்ச் சாவியை எடுத்தார். "நான் ஐறீனைக் கொட்டாஞ்சேனையில விட்டுட்டு, ஊரடங்கு எடுத்ததும் வாறன். நீங்க றோட்டில இறங்க வேணாம். வெளியால பூட்டிப்போட்டுப் போறன். பூட்டைக் கண்டா உள்ள ஆள் இல்லையெண்டு செக் பண்ண வாறவங்க போயிருவாங்க. லைட் போடாதீங்க. சத்தம் வேணாம்."

ஐறீன் அக்கா சிரிக்கப் பார்த்தாள். "பயந்தால் வரதராசாவைக் கூப்பிடு. அவன்ர மேசையில டெலிபோனும் இருக்கு."

வெளியே பூட்டு விழுந்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன; கம்பிக் கதவை உள்பக்கம் ஒரு தடித்த சீலை மறைத்திருந்தது. மின்விசிறி இல்லை. திரையின் நீல வெளிச்சம் மட்டும். வதனி கோப்பின் பூட்டை உடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். காரணம் என்னவென்று கம்ப்யூட்டர் கேட்டது.

அவள் யோசித்தாள். காணாமற்போனார் என்று எழுதினால் காப்புறுதிக் கம்பனி கேள்வி கேட்கும். வேலை இழுபடும். கடிதம் பிந்தும்.

'வேலையை விட்டுவிட்டார்' என்று அடித்தாள்.

வரதராசாவின் பெயர் மறைந்தது. அந்த இடத்தில் வதனி என்று வந்தது.

அப்போதுதான் அந்த மணம்.

சுடுசோறு. பருப்பு. பொரித்த கருவாடு. வாழையிலையில் கட்டியது.

கடைகள் எல்லாம் பூட்டிய ஊரடங்கு நேரத்தில்.

வெளியே பூட்டு மெல்ல ஆடும் சத்தம் கேட்டது. சோதனைக்கு வந்த ஆமிக்காரராக இருக்கும் என்று நினைத்து வதனி மேசைக்குக் கீழே குந்தினாள். அதட்டல் இல்லை. பூட்ஸ் சத்தம் இல்லை. விரல் நகத்தால் இரும்பைத் தட்டும் சத்தம் மட்டும்.

"வதனி. திறவுங்கோ. சோறு ஆறுது."

அந்தக் குரலை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆர்?" என்றாள், மூச்சு விடுகிற அளவுக்கு.

"நான் வேலையை விடேல்லை. சாப்பாடு வாங்கத்தான் போனனான்."

அவள் தவழ்ந்து எழுந்து விசைப்பலகையைத் தேடினாள். எழுதிய காரணத்தை அழிக்கப் பார்த்தாள். ஒருமுறை பதிந்ததை மாற்ற முடியாது என்று திரை சொன்னது. மறுபடி முயன்றாள். அதே பதில்.

"மாத்த ஏலாமல் கிடக்கு," என்றாள் கதவைப் பார்க்காமல். "திறக்கவும் ஏலாது. சாவி என்னட்டை இல்லை."

நகம் இன்னொரு முறை இரும்பைத் தட்டியது.

"அப்ப நான் நிக்கிறன். திறக்கேக்க வாறன்."

அதற்குப் பிறகு குரல் இல்லை. மணம் மட்டும் போகவில்லை. வதனி வரி வரியாகத் திருத்தி முடித்துக் கோப்பைத் திருப்பி வைத்தாள். வேறு என்ன செய்வது?

நாலரைக்கு ஹெக்டர் வந்து பூட்டைத் திறந்தார். கம்பிக் கதவு விலகியதும் சூடான சோற்று மணம் அவளுடைய தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஹெக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையைப் பார்த்துத் தலையாட்டினார். மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் வெளியே வந்ததும் மறுபடி பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். எல்லாவற்றையும் வதனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒழுங்கை முடிவில், இஸ்ஸதீனின் டெலிபோன் கடைக்கு முன்னால் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த நம்பருக்கு எடுத்துக் கேட்கச் சொல்லி இஸ்ஸதீனிடம் சிங்களத்தில் சொன்னார்.

"ஒருத்தரும் எடுக்க மாட்டினம் நானா. இப்பதான் பூட்டினது," என்றாள் வதனி இஸ்ஸதீனிடம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

இஸ்ஸதீன் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்தினார். "தங்கச்சி, நீங்க வேலய உட்டுட்டுப் போய்ட்டதாமே?"

பொலிஸ்காரர் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அங்கிருந்த ஆள் அவருக்குச் சிங்களத்திலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஓரமாக நிறுத்தியிருந்த ஜீப்பை வதனிக்குக் காட்டினார்.

"நானா, ஆர் கதைச்சது?"

"பேரு சொல்லல்ல," என்றார் இஸ்ஸதீன், குரலைத் தாழ்த்தி. "வாய் நெறய சோத்த வெச்சிக்கிட்டுப் பேசுறாரு."