ஆரோன் மாற்றிக் கேட்ட ஜெபம்

"இயேசப்பா, அக்கா எலும்ப மட்டும் எடுத்துடாதீங்க. எனக்கு வேணாம். அது அக்காகிட்டயே இருக்கட்டும். ஆமென்."

மருத்துவமனை அறைக் கதவைத் திறந்த இளமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கட்டிலில் அவளுடைய தம்பி ஆரோன் கைகூப்பி உட்கார்ந்திருந்தான். தலையில் ஒரு முடிகூட இல்லை. மருந்து எல்லா முடியையும் உதிர்த்துவிட்டது.

ஆரோனுக்கு ஆறு வயது. போன வருடம் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்தில் குணமானது, மறுபடியும் வந்துவிட்டது. இனி அவனுக்கு வேறொருவரின் எலும்பு மஜ்ஜை வேண்டும் என்றார் டாக்டர் ரமணன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சோதித்துப் பார்த்தார்கள். சரியாகப் பொருந்தவில்லை. பத்து வயது இளமதியின் மஜ்ஜைதான் அப்படியே பொருந்தியது.

"நீ ஏன்டா அப்படி ஜெபம் பண்றே?" என்று கேட்டாள் இளமதி.

"உன் எலும்ப எடுத்துட்டா நீ எப்படி நடப்பே? எப்படி ஸ்கூலுக்குப் போவே?"

இளமதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அம்மா தினமும் இது நல்லா நடக்கணும்னு ஜெபம் பண்றாங்க. நான் நடக்கவே கூடாதுன்னு பண்றேன்" என்றான் ஆரோன். "இயேசப்பா யார் சொல்றதக் கேப்பாரு?"

அதற்குள் அம்மா கீழே கடையில் பையில் வாங்கிய காப்பியோடு வந்துவிட்டார். ஆரோன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

இளமதியிடமும் ஒரு ரகசியம் இருந்தது. போன வாரம் டாக்டர் ரமணன் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"இது உன் உடம்பு, இளமதி. வேணாம்னு தோணுனா சொல்லலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

"குடுக்கிறேன் டாக்டர்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் பயம் பிடித்தது. மயக்க மருந்து. பெரிய ஊசி. அம்மாவிடம் சொல்லலாமா? அம்மாவின் கண்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. அதனால் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆரோனோடு இருந்தார். அப்பாவும் இளமதியும் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து ரயிலில் லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் அவர்களுடைய தமிழ்ச் சபைக்குப் போனார்கள்.

"தம்பிக்காக ஜெபம் பண்றோம்மா" என்றார் ஒரு ஆன்ட்டி. இன்னொரு அங்கிள் அவள் தலையில் கைவைத்து, ஆரோனுக்காக நீளமாக ஜெபித்தார். எல்லாரும் தம்பியைப் பற்றித்தான் கேட்டார்கள். 'உனக்குப் பயமா இருக்கா?' என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் எழுந்து பாடினார்கள். இளமதி மட்டும் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள்.

'இயேசப்பா, நான் சரின்னு சொல்லிட்டேன். ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.'

பதில் எதுவும் கேட்கவில்லை. பயமும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் கனமான புத்தகப்பையின் ஒரு பக்கத்தை யாரோ கூடப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் அப்பா அவளைப் பக்கத்தில் இருக்கும் தேக்கா உணவுச் சந்தைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். அப்பாவுக்குப் பிடித்த சூப் துலாங் வந்தது. சிவப்புக் குழம்பில் பெரிய பெரிய ஆட்டெலும்புகள். அப்பா ஓர் எலும்பை எடுத்து, அதன் ஓட்டைக்குள் ஸ்ட்ராவை விட்டு 'சர்ர்' என்று உறிஞ்சினார். அவர் மூக்கு நுனிகூடச் சிவப்பாகிவிட்டது.

"அப்பா, உள்ள இருக்கிறதுதான் மஜ்ஜையா?"

"ஆமாம்மா."

இளமதி தட்டையே பார்த்தாள். உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. எலும்பு எலும்பாகவே இருந்தது!

"அப்பா..." என்று மெதுவாக ஆரம்பித்தாள். இயேசப்பாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டதால், இரண்டாவது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "எனக்குப் பயமா இருக்குப்பா."

அப்பா ஸ்ட்ராவைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்மா" என்றார். "நீ மயக்கத்துல தூங்குற வரைக்கும் நான் உன் கையப் பிடிச்சிட்டே இருப்பேன். சரியா?"

"சரிப்பா."

சாயங்காலம் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இளமதி கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆரோனின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"டேய், அப்பா சூப் துலாங் சாப்பிடுவாங்கல்ல? உறிஞ்சினதுக்கு அப்புறம் எலும்பு எங்க போகும்?"

"எங்கயும் போகாது. தட்டுலதான் இருக்கும்."

"அதே மாதிரிதான் லா! டாக்டர் என் எலும்ப எடுக்க மாட்டாரு. உள்ள இருக்கிற மஜ்ஜையில கொஞ்சம்தான் எடுப்பாரு."

ஆரோனின் கண்கள் விரிந்தன. "டாக்டர் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவாரா?"

"ச்சீ! ஊசியால எடுப்பாரு. அப்புறம் ஒரு பையில ஊத்தி, டியூப் வழியா உனக்கு விடுவாங்க."

"எனக்குக் காரம் வேணாம்."

"காரமெல்லாம் போட மாட்டாங்கடா!"

"அப்ப உனக்குக் குறைஞ்சிடாதா?"

"நகம் வெட்டினா திரும்ப வளருதுல்ல? அது மாதிரி எனக்கும் வளர்ந்துடும்."

ஆரோன் தன் நகத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்லிவிடலாம். ஆனால் தம்பியிடம் பொய் சொல்ல இளமதிக்கு மனம் வரவில்லை.

"எடுக்கும்போது தூங்கிடுவேன், தெரியாது. எழுந்தப்புறம் இடுப்பு கொஞ்ச நாள் வலிக்கும்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. இயேசப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா கேட்டாரு."

ஆரோன் கைகூப்பினான்.

"இயேசப்பா, நான் கேட்டத விட்டுடுங்க. அம்மா கேட்டதையே வச்சுக்குங்க. ஆனா அக்காவுக்கு ரொம்ப வலிக்கக் கூடாது. ஆமென்."

பின்னால் விசும்பல் கேட்டது. அம்மா. அவர் இளமதியை இழுத்து அணைத்துக்கொண்டார். "நான் உன்னைக் கேக்கவே இல்லையேம்மா... உனக்குப் பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார்.

"இப்ப கேட்டுட்டீங்கல்ல?" என்றாள் இளமதி.

அந்த நாளும் வந்தது. இளமதியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா சொன்னபடியே அவள் கையை விடவில்லை. முகத்தின் மேல் மயக்க மருந்து வரும் கவசத்தை வைத்தார்கள்.

'இயேசப்பா, நீங்க என்கூடயே இருங்க. தம்பிகூடயும் இருங்க...'

அதற்குள் தூங்கிவிட்டாள்.

கண் விழித்தபோது தாதி அன்னம்மா அருகில் நின்றார். இளமதியின் உதடுகள் அசைந்தன.

"என்ன வேணும்மா? தண்ணியா?" என்று குனிந்தார் தாதி.

"ஆமென்" என்றாள் இளமதி.

தாதி சிரித்துவிட்டார். "உன் ஜெபம் ரொம்ப நீளம்மா. ரெண்டு மணி நேரம் ஆச்சு!"

இடுப்பு வலித்தது, டாக்டர் சொன்ன மாதிரியே. பிற்பகலில் அப்பா அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆரோனின் புதிய அறைக்கு வெளியே கொண்டுபோனார். கிருமி எதுவும் போகாமல் அடைத்து வைத்திருந்த அறை அது. கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். உள்ளே கம்பியில் ஒரு சிவப்புப் பை தொங்கியது. அதிலிருந்து துளித்துளியாக டியூப் வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆரோன் அம்மாவின் கைப்பேசியிலிருந்து அப்பாவின் கைப்பேசிக்கு அழைத்தான். "அக்கா, பையில இருக்கிறது நீயா?"

"நான்தான்!"

அவன் பையைப் பார்த்துக் கும்பிட்டான். "வாங்க அக்கா, உள்ள வாங்க."

இடுப்பு வலியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இளமதி அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த நாட்கள் சுலபமாக இல்லை. ஆரோனுக்குக் காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. அவனால் பேச முடியவில்லை. இளமதி தினமும் பள்ளி முடிந்து வந்ததும் கைப்பேசியில் முகம் தெரியும்படி வீடியோவில் அவனை அழைத்தாள். வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். கடைசியில் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள்: "இயேசப்பா, இன்னைக்கு ஆரோன் ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கணும்." ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆரோன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சில நாள் அவன் கஞ்சி குடித்தான். சில நாள் குடிக்கவில்லை. குடிக்காத நாளிலும் கட்டைவிரலை உயர்த்தினான்.

இருபதாவது நாள் டாக்டர் ரமணன் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே ஆரோனின் அறைக்கு வந்தார். இளமதியின் மஜ்ஜை ஆரோனின் எலும்புக்குள் குடியேறி, புது ரத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டது! அம்மா போனில் சொன்ன செய்தியைக் கேட்டு, செங்காங் வீட்டின் சமையலறையில் அப்பா இளமதியைத் தூக்கிச் சுற்றினார்.

இன்னும் மூன்று வாரம் கழித்து ஆரோன் வீட்டுக்கு வந்தான். மருந்துகள் நிறைய இருந்தன. கூட்டமான இடங்களுக்குப் போகக்கூடாது. வாரம் இரண்டு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனாலும் வீடு வீடுதான். நால்வரும் சேர்ந்து நின்று நன்றி சொல்லி ஜெபித்தார்கள்.

அன்று மாலையே அக்காவும் தம்பியும் சண்டை போட்டார்கள். சோபாவில் காற்றாடிக்கு நேராக யார் உட்காருவது என்று சண்டை.

"நான்தான் நோயாளி!" என்று கத்தினான் ஆரோன்.

"நான்தான் மஜ்ஜை குடுத்தேன்!" என்று கத்தினாள் இளமதி.

அம்மா ஓடி வந்தார். ஆனால் அதட்டவில்லை. கரண்டியும் கையுமாகக் கதவில் சாய்ந்து நின்று, அந்தச் சண்டை முடியும்வரை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.