விசில் ஊதினால் கையைப் பிடிக்க வேண்டும்

விசில் ஊதியதும் அவன் துண்டின் ஒரு முனையை நீட்டினான்.

அவள் துண்டைப் பார்த்தாள். பிறகு அவனை.

"ஏன் சார்... நான் என்ன கரண்ட் கம்பியா?"

ஏரியில் இடுப்பளவு தண்ணீர். சுற்றிலும் விடுதிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து உயர்த்தி நின்றார்கள். முகாமின் விதி அது. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். யாரும் மூழ்கவில்லை என்று கரையிலிருந்து சரிபார்ப்பார்கள். அவர்கள் இருவரையும்போல உதவிக்கு வந்த தொண்டர்களுக்கும் அதே விதிதான். அவளுடைய ஜோடிக்குக் காய்ச்சல் என்று, கடைசி நிமிஷத்தில் அவளை, ஜோடியில்லாமல் நின்ற இவன் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

முகாமை நடத்துபவள் அவன் தங்கை. துண்டெல்லாம் கணக்கில் வராது, கையைப் பிடிக்காவிட்டால் இருவரும் கரையேறலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிடித்தான்.

ஈரமான, சூடான கை. அவன் கடைசியாகப் பிடித்த கை ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவன் மனைவியின் கை. நர்ஸ்தான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதன்பிறகு அவன் யாருக்கும் கை கொடுத்ததில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. கையெல்லாம் கிரீஸ் என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை.

ஏரியில் அதைச் சொல்ல முடியவில்லை.

விசில் மறுபடி மறுபடி ஊதியது. ஒவ்வொரு முறையும் அவள் கை தயாராக இருந்தது. பெரிய கண்கள்... இமை நுனியில் ஒரு துளி விழாமல் நின்றது. பார்க்கக் கூடாது என்று வானத்தைப் பார்த்தான். அங்கே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அவள் பல் டாக்டர். பிள்ளைகளுக்குப் பல்லக்கா. அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி அண்ணன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் நாடகம். பல்வலி வந்த முதலையின் கதை. முதலையாக யார் நடிப்பது என்பதில் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் தரையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்தான். அவள் துடைப்பக்கட்டையோடு குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சிரிச்சுப் பழக்கமில்லாம துரு ஏறிப்போச்சு."

அவன் சிரித்துவிட்டான். வயிறு வலிக்க, சத்தமாக. வேறு யாரோ சிரிப்பது போல இருந்தது...

கதவருகே தங்கை நின்றிருந்தாள். கையில் கரண்டி. கன்னமெல்லாம் கண்ணீர்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஓ... எல்லாம் ஏற்பாடு. காய்ச்சல், ஜோடி, முதலை, எல்லாம்.

தட்டு கழுவும் இடத்தில் பல் டாக்டரை மடக்கினான். தங்கை சொல்லித்தான் வந்தீர்களா என்று கேட்டான். அவள் புரியாமல் விழித்தாள். அந்த விழிப்பும் நடிப்பாகத்தான் தெரிந்தது.

"பொண்டாட்டியப் பறிகொடுத்தவன், பாவம், கொஞ்சம் சிரிக்க வைங்கன்னு சொல்லி விட்டாளா?"

அவள் முகம் வெளுத்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தொண்டர்களை ஏற்றிப்போகும் பஸ் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவன் கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். உதவிக்கு வந்த தங்கையிடமும் வெடித்தான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நான் யாரையும் அனுப்பலைண்ணா. காலையில பிள்ளைங்களோட மலையேறும்போது நீ எல்லாருக்கும் பின்னாடி, தனியா வந்தியாம். அந்த ஆளுக்கு ஜோடியா என்னைப் போடுங்கன்னு அவங்களே வந்து கேட்டாங்க. காய்ச்சல்னு சொல்லச் சொன்னதும் அவங்கதான். உனக்கு நடந்தது எதுவும் அவங்களுக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரிஞ்சிருக்கும்."

பாய் கையிலிருந்து நழுவி விரிந்தது.

மழையில் இறங்கி நடந்தான். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவனைக் கண்டதும் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றாள். அதோடு திரும்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

"மத்தியானம் முழுக்க அவ ஞாபகமே வரலை," என்றான். "போனதுல இருந்து அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. சாப்பிடும்போது இருப்பா, தூங்கும்போது இருப்பா. இன்னைக்கு இல்ல. யாரும் பிரிச்சு எடுக்கலை... நானே விட்டுட்டேன்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"அதுக்கு என்மேல கோவமா?"

"ஆமா."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்... அவ்வளவு மழையிலும் இமைக்காமல்.

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். "அதைத்தான் தாங்க முடியலை."

பஸ் நகர்ந்தது. மற்ற ஜன்னல்களையெல்லாம் மழைக்காக மூடியிருந்தார்கள். சாலை வளையும்வரை அந்த ஒன்று மட்டும் திறந்தே இருந்தது.